பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

"படிச்சவ கை பட்டாத்தான் மிஷினு ஓடுமா?" என்று நிஷா அண்ணி போன வாரம் கேட்டாள். "ஆமா, ஓடாது" என்றேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டை யார் எவ்வளவு சத்தமாக வைக்கிறோம் என்பதில்தான் பேசிக்கொள்கிறோம்.

சுனாமி அலை எங்கள் படகைக் கொண்டுபோன பிறகு கோவளத்தை விட்டுக் குரோம்பேட்டைக்கு வந்தோம். அண்ணியின் புருஷன் மகேஷ் அண்ணன் பஹ்ரைனில் யாரோ ஒரு முதலாளியின் போட்டில் கூலிக்கு வலை இழுக்கிறான். மூன்று வாரத்துக்கு முன் அவன் போன் செய்தபோது, "ஊருக்கு வர்ற தேதி தெரிஞ்சா போன் பண்ணு, இல்லாங்காட்டி பண்ணாத" என்று சொல்லி அண்ணி ரிசீவரை வைத்தாள். அவனும் அதன் பிறகு பண்ணவில்லை.

இன்றைக்கு ஆயுத பூஜை. பண்டிகை நாளில் பண்ணாமல் இருக்க மாட்டான். அண்ணி காலையிலேயே தலைக்குக் குளித்து, பூ வைத்து, போன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சமையல்கட்டில் இடம் இல்லாமலா?

எனக்கும் இன்றைக்கு ஒரு வேலை இருந்தது. பி.எஸ்சி. முடித்து ஆறு மாதமாக நான் எழுதிப்போட்ட கம்பெனிகளில் ஒன்றே ஒன்று பதில் போட்டிருந்தது. வெளிநாட்டுக்காரர்களின் கம்ப்யூட்டர் படுத்தால் போனில் வழி சொல்லும் வேலை. முதலில் இண்டர்நெட்டிலேயே ஒரு மணி நேரப் பரீட்சை. மாலை ஐந்தோடு வாசலை மூடிவிடுவார்கள். உள்ளே போன பிறகு லைன் அறுந்தால் திரும்பவும் நுழைய முடியாது.

மெயிலை நேற்று பிரவுசிங் சென்டரில்தான் பார்த்தேன். அங்கேயே எழுதியிருக்கலாம். பக்கத்துத் தடுப்பில் ஒருத்தன் சத்தமாகப் பாட்டு வைத்திருந்தான், கரண்ட் வேறு வருவதும் போவதுமாக இருந்தது. வீட்டில் நிம்மதியாக எழுதலாம் என்று வந்துவிட்டேன். இன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க ஷட்டருக்கு மாலை போட்டுப் பூட்டிக்கிடக்கிறது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் கதி.

குளித்துவிட்டு வந்தால், அதற்கும் மாலை போட்டிருந்தார் அப்பா.

மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். கீபோர்டு மேல் வாழையிலை, இலை மேல் பொரி. மோடம் தலையில் சாமந்தி. ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் பெரிய சந்தன உருண்டை. கீழே நாலு எலுமிச்சம்பழம், டயருக்கு வைப்பதுபோல.

"நைனா, இன்னா பண்ற?"

"பூஜ."

"இன்னிக்கு இதுல பரீட்ச எழுதணும்னு நேத்தே சொன்னனா இல்லியா?"

"சொன்ன. நாளிக்கு எழுது. ஆயுத பூஜ அன்னிக்கு எவனாச்சும் இஞ்சின ஸ்டார்ட் பண்ணுவானா?"

"அஞ்சு மணிக்கு மூடிடுவான். நாளிக்கு கெடையாது."

"எந்த ஊரு கம்பெனி அது, ஆயுத பூஜகூட தெரியாத கம்பெனி?"

"அமெரிக்காக்காரனுக்கு வேல பாக்குற கம்பெனி. அவனுக்கு சாமந்திப்பூ தெரியாது."

அப்பா கோதண்டம் இப்போது பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனிக்கு வாட்ச்மேன். ஆனால் வருஷத்துக்கு ஒருநாள், இந்த நாளில், அவர் திரும்பவும் படகுக்காரர். பூஜை போட அவரிடம் இப்போது இருக்கும் ஒரே மிஷின் இதுதான்.

"எத்தினி வருஷம் கடலுக்குப் போனேன். ஒரு வருஷம் இந்த நாள்ல இஞ்சின் கயித்த இஸ்த்தது கெடையாது சரிதா. சாமி காரியம்."

"அவ்ளோ பூஜ போட்டியே, அல வந்தப்ப அந்த சாமி எங்க போச்சு?"

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. அப்பா மாலையைக் கழற்றினார். இலையைப் பொரியோடு சேர்த்து மடித்து எடுத்தார். சந்தனத்தையும் மோடத்துச் சாமந்தியையும் விட்டுவிட்டு வாசல்படிக்குப் போய் நின்றுகொண்டார்.

சந்தனத்தோடு சேர்த்து ஸ்விட்சை அமுக்கினேன்.

கம்ப்யூட்டருக்குள் காற்றாடி சுற்றியது. ஸ்கிரீன் கறுப்பாகவே கிடந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி நீளமாக. ஆஸ்பத்திரியில் கேட்குமே, அந்த மாதிரி.

"நல்லா தொடச்சிதான வெச்சேன்" என்றார் அப்பா, படியில் இருந்தபடியே.

திரும்பினேன். "எத்த தொடச்ச?"

"எல்லாத்தையும்தான். சைடு மூடிய கழட்டி. நீ கழட்டறத பாத்துக்கினுதான இருந்தேன் அன்னிக்கு. உள்ள அவ்ளோ தூசி. பச்ச பட்ட ஒண்ணு சொருகி இருந்துச்சே, அத்தகூட உருவி தொடச்சிட்டு சொருகினேன்."

"எதால தொடச்ச?"

"மஞ்சத் தண்ணிதான். இஞ்சினுக்கு வேற எதால தொடைப்பாங்க?"

படகு இஞ்சினை மஞ்சள் தண்ணீரில் கழுவித்தான் பொட்டு வைப்பார்கள். கோவளத்தில் எல்லாரும் அப்படித்தான். அந்த இஞ்சின் உப்புத் தண்ணீரையே குடித்து வளர்ந்தது. இது அப்படியா?

கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். மாடி வீட்டு ஜன்னல் திறந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அப்பா படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கத்தி முடித்த பிறகுதான் கை வேலை செய்ய ஆரம்பித்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கலாம், அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிரீனில் ஒன்றும் வராமல், பெட்டி நீளநீளமாகக் கத்தினால், அது செத்துப்போகவில்லை. பெரும்பாலும் ரேம் என்கிற அந்தப் பச்சைப் பட்டை சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் பல்லில் அழுக்கு. கடைக்காரர் "மதர்போர்டு போச்சும்மா" என்று முகத்தைத் தொங்கப்போடுவார். நம்பாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிடுங்கிய பிறகும் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்தேன், உள்ளே மிச்சம் இருக்கும் கரண்ட் இறங்க. என் உடம்பில் இருக்கும் கரண்டும் இறங்க, இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு மூடியைக் கழற்றினேன்.

உள்ளே மஞ்சள் வாசனை. கல்யாண வீடு மாதிரி.

ரேமை உருவினேன். தங்க நிறப் பல் வரிசையில் மஞ்சள் காய்ந்து பத்துபோல ஒட்டியிருந்தது. ரப்பர் வேண்டும். பென்சில் எழுத்தை அழிக்கும் சாதா வெள்ளை ரப்பர். பட்டதாரி இருக்கும் வீட்டில் ஒரு ரப்பர் இல்லை.

தேடிக்கொண்டிருந்தபோது மேஜை மேல் ஒன்று வந்து விழுந்தது. நிஷா அண்ணி. மாடி வீட்டுப் பெண்ணிடம் வாங்கி வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. போன் ஸ்டூலுக்கே திரும்பிப் போனாள்.

பல்லை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன், இரண்டு பக்கமும். துகளை ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். பெயிண்ட் பிரஷால் தட்டினேன். ரேம் உட்காரும் பள்ளத்தில் ஈரம் இன்னும் இருந்தது. பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். அப்பா ஒரு பக்கம் வந்து பிடித்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பெட்டி கனமாக இருந்தது.

வெயிலில் வைத்துவிட்டு இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தலைக்கு மேலே விமானம் ஒன்று மீனம்பாக்கத்தில் இறங்கத் தாழ்ந்து போனது.

"வேணும்னு பண்ணல சரிதா."

"தெரியும்."

"மகேசு மொத சம்பளத்துல வாங்கினது. அதுக்குப் பூஜ போடலன்னா எப்டி?"

பெட்டியை வெயில் பக்கமாகத் திருப்பி வைத்தேன். வாயைத் திறந்தால் மறுபடி கத்துவேன்.

ஈரம் போன பிறகு கீழே கொண்டுவந்து, ரேமைப் பழைய பள்ளத்தில் வைக்காமல் பக்கத்தில் காலியாக இருந்த இன்னொன்றில் வைத்தேன். கூடுதல் ரேம் போடத்தான் இரண்டு பள்ளம் கொடுத்திருக்கிறான், ஒன்று படுத்தாலும் மற்றொன்று உதவும். இரண்டு பக்கமும் கிளிப் தானாக எழும்பி 'டக்' என்று பிடிக்க வேண்டும். பிடித்தது.

ஸ்விட்ச். ஒரே ஒரு குட்டி சத்தம். ஸ்கிரீனில் வெளிச்சம்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று நான் கேட்கவில்லை.

மோடம் தலையில் இருந்த சாமந்தியை எடுத்துப் போட்டேன். அது மூச்சுவிட மேலேதான் ஓட்டை வைத்திருக்கிறான், அதை அடைத்தால் சூடேறி மயங்கிவிடும். லைன் விளக்கு சிமிட்டியது. சிமிட்டினால் தேடுகிறது என்று அர்த்தம். நிலையாக எரிந்தால் பிடித்துவிட்டது. எரிந்தது.

பரீட்சைப் பக்கத்தைத் திறந்தேன். திறக்கவில்லை. இந்த இடம் நம்பத் தகுந்ததல்ல, பாதுகாப்புச் சான்று செல்லாது என்று ஸ்கிரீனில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது. மறுபடி. மறுபடி அதே பெட்டி. மணி எவ்வளவு என்று ஸ்கிரீன் மூலையில் பார்த்தேன்.

நள்ளிரவு தாண்டி கொஞ்ச நேரம் என்று காட்டியது. வருஷம் 2002, ஜனவரி ஒன்று.

"நைனா, உள்ள வட்டமா ஒரு பேட்டரி இருந்துச்சா?"

"காசு மாதிரி? ஆமா. அத்தையும் கழட்டி தொடச்சிட்டு வெச்சேன்."

அந்த பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டருக்குத் தேதி மறந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் பாஸ்வேர்டு கேட்கும் பக்கங்கள் எதுவும் நம்மை நம்பாது. இந்தச் சான்று இன்னும் பிறக்கவே இல்லையே என்று நினைத்துக்கொள்ளும். பல பேர் இதற்காகக் கம்ப்யூட்டரையே துடைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுகிறார்கள். மூலையில் இருக்கும் கடிகாரத்தை இரண்டு தட்டு தட்டி, இன்றைய தேதியைப் போட்டால் போதும்.

அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று ஸ்கிரீனைப் பார்த்தார். "ரெண்டாயிரத்தி ரெண்டு. அப்ப படகு இருந்துச்சு" என்றார்.

2006 என்று மாற்றினேன்.

பக்கம் திறந்தது. என் பேர், என் நம்பர். 'தொடங்கு' என்று ஒரு பச்சைப் பட்டன். மூன்றரை மணி ஆகியிருந்தது. மூச்சை இழுத்துவிட்டு மவுஸைப் பட்டனுக்குக் கொண்டுபோனேன்.

போன் அடித்தது.

அண்ணி பாய்ந்து எடுத்தாள். "அலோ, அலோ." முகம் அணைந்தது. "உனக்குத்தான்" என்றாள், சுவரைப் பார்த்து. போன வாரத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மோடத்தைப் பார்த்தேன். லைன் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நெட் போய்விட்டது.

போனில் தோத்தாத்ரி சார். அடுத்த தெருவில் சொந்த வீடு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தும்மல் வந்தாலும் நான்தான் போக வேண்டும். காபி கொடுப்பார்கள். டம்ளர் தனி.

"சரிதாவா? ஒண்ணுமில்லேம்மா. எங்காத்து லோகநாயகி பூஜைல கீபோர்டுக்குச் சந்தனம் வெச்சுட்டா. ஒரு பட்டன் உள்ள போய் உக்காந்துண்டு எழுந்துக்க மாட்டேங்கறது. நாளைக்குக் காத்தால வந்து பாத்துடறியா?"

எங்கள் வீட்டில்தான் மஞ்சள் தண்ணீர் என்று நினைத்தேன். படித்த வீட்டிலும் சந்தனம்தான். பரீட்சை இல்லாத நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"சார், அந்த ஸ்பிளிட்டர். எங்களுது. உங்க வீட்டுல மாட்டிக் குடுத்தேனே, அது எனக்கு இப்பவே வேணும்."

ஸ்பிளிட்டர் என்பது தீப்பெட்டி அளவு ஒரு டப்பா. சுவரிலிருந்து வரும் ஒரே ஒயரைப் பேச்சுக்கு ஒன்று, நெட்டுக்கு ஒன்று என்று பிரித்துவிடும். அது இல்லாமல் இரண்டையும் சேர்த்து மாட்டினால் ஒன்றை ஒன்று முட்டும். போன் மணி அடித்தாலே நெட் அறுந்துவிடும். போன மாசம் இடி விழுந்து சார் வீட்டு டப்பா கருகியபோது, எங்கள் வீட்டுடையதைக் கழற்றிக்கொண்டுபோய் மாட்டியவள் நான்தான். "ரெண்டே நாள்ல வாங்கிக் குடுத்துடறேன்மா" என்றார். மெயில் பார்க்கத்தானே, அறுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம் என்று நானும் கேட்காமல் விட்டேன்.

"அடடா, அதுவும் பூஜைல இருக்கேம்மா. பொட்டு வெச்சாச்சு. இன்னிக்கு எடுக்கப்படாது."

"சார், அது எங்க வீட்டு டப்பா."

"உங்களுதுதான், யார் இல்லேன்னா? நாளைக்குப் பூஜை எடுத்ததும் மொத வேலையா தரேன். இப்ப நாங்க திருநீர்மலைக் கோவிலுக்குக் கெளம்பியாச்சு. ஆட்டோ வாசல்ல நிக்கறது."

"எனக்கு இன்னிக்குப் பரீட்ச சார்."

"ஆயுத பூஜை அன்னிக்கா? யாரும்மா அப்படி வெப்பா? விசாரிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றேன். நல்லவேளையாகப் பச்சைப் பட்டனை அமுக்கவில்லை. அமுக்கியிருந்தால் இந்நேரம் கதை முடிந்திருக்கும்.

இனி ஒரே வழிதான். ஒரு மணி நேரத்துக்குப் போன் ஒயரைச் சுவரிலிருந்து மொத்தமாகக் கழற்றிவிட்டு மோடத்தை மட்டும் விட வேண்டும். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். எடுத்து வைத்தாலும் லைன் அதிரும். ஒயரே இருக்கக் கூடாது.

"அண்ணி."

அவள் நிமிர்ந்தாள்.

"ஒரு மணி நேரம் போனைக் கழட்டணும்."

"இன்னிக்கு அவரு பண்ணுவாரு."

"தெரியும்."

"மூணு வாரமா பண்ணல. நான் வேற வாய உட்டு வெச்சேன்."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சிக்கினே கேக்குற."

நான் சுற்றி வளைத்துப் பேசவில்லை. "நீ கழட்டாம, அண்ணன் இப்ப பண்ணிச்சின்னா எனக்குப் பரீட்ச போயிடும். கழட்டிட்டு, அண்ணன் இப்ப பண்ணிச்சின்னா உனக்குப் போன் போயிடும். ரெண்டுல ஒண்ணுதான். நீயே சொல்லு."

அப்பா நடுவில் வந்தார். "மாடி வூட்ல போன் கீதே, அங்க..."

"மாடி வூட்டு நம்பர் அவருக்குத் தெரியுமா மாமா?" என்றாள் அண்ணி.

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள்.

"எப்பவும் விளக்கு வெச்ச அப்பாலதான் பண்ணுவாரு" என்றாள், எனக்குச் சொல்வதுபோல இல்லை. "போட்டு கரைக்கு வந்து, மீனு எறக்கி, குளிச்சிட்டு. இந்நேரத்துக்கு ஒருவாட்டிகூட பண்ணது கெடையாது."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் தள்ளிவிட்டதாக ஆகும்.

"ஒம்பதாவதுல முழுப் பரீட்ச அன்னிக்கு எங்கம்மாவுக்கு ஜொரம்" என்றாள் அண்ணி. "மீன் கூடைய யாரு தூக்கறதுன்னு கேட்டாங்க. நான்தான் தூக்கினேன். ஒரு நாளு கூடை நிக்கட்டும், அவ எழுதட்டும்னு எங்கூட்ல ஒருத்தர்கூட சொல்லல."

குனிந்து ஒயரை அவளே பிடுங்கினாள். சுவரிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது.

"எழுது. தோத்துட்டு வந்தன்னா அப்பால கீது உனக்கு."

தோளில் கை வைக்க நினைத்தேன். எனக்கு அதெல்லாம் வராது. போய் உட்கார்ந்தேன். லைன் விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருந்தேன்.

பச்சைப் பட்டன்.

முதல் கேள்வியே, ஸ்விட்ச் போட்டும் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் முதலில் எதைக் கேட்பீர்கள் என்று. பிளக் மாட்டியிருக்கிறதா என்றுதான். அதைக் கேட்க வெட்கப்படுகிறவன்தான் மூன்று மணி நேரம் அலைவான். அடுத்தது, நெட் வரவில்லை, மோடத்தில் எந்த விளக்கைப் பார்ப்பீர்கள். அடுத்தது, நீளமான சத்தம் வருகிறது, என்ன காரணம்.

மஞ்சள் தண்ணீர் என்று ஒரு விடை கொடுத்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன்.

கேள்விகள் ஓடின. ஃபேன் லேசாக மெதுவானபோதெல்லாம் கரண்ட் போகப்போகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். அப்பா வாசலில் நின்று பொரி கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மாவைக் குசுகுசுவென்று பேசித் திருப்பி அனுப்பினார். அண்ணி கழற்றிய ஒயரின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி. வாடிக்கையாளர் கோபமாகக் கத்துகிறார், என்ன செய்வீர்கள்? நாலு விடை. எனக்குச் சட்டென்று தோன்றியது அந்த நாலில் இல்லை. 'முழுதும் கேட்டுவிட்டுப் பேசுவேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பொய்தான். சம்பளம் கொடுத்தால் கற்றுக்கொள்வேன்.

அனுப்பு என்று அமுக்கினேன். மணற்கடிகாரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த இடத்தில்தான் எல்லாரும் பொறுமை இழந்து திரும்பத் திரும்ப அமுக்குவார்கள், எல்லாம் அழியும். கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

'உங்கள் விடைகள் பெறப்பட்டன.'

நான் சொல்வதற்கு முன்பே என் முதுகைப் பார்த்து அப்பா தெரிந்துகொண்டார். சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றப் போனார். அண்ணி அதற்குள் ஒயரைச் சுவரில் சொருகியிருந்தாள். ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று கேட்டுவிட்டு வைத்தாள். நாலு சுண்டல் அள்ளி என் கையில் போட்டாள்.

"ஏ சரிதா, அவரு பண்ணியிருப்பாரா?"

"தெரியாது அண்ணி. ஒயர் இல்லாத போனுக்கு யாரு பண்ணாங்கன்னு நமக்குத் தெரியாது."

"பண்ணியிருந்தா அவருக்கு இன்னான்னு கேட்டிருக்கும்? லைன் கட்டுன்னா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"இல்ல. அந்தப் பக்கம் மணி அடிக்கிற மாதிரியேதான் கேக்கும். அடிச்சிக்கினே இருக்கும். யாரும் எடுக்காத மாதிரி."

அண்ணியின் கை சுண்டல் பாத்திரத்திலேயே நின்றது.

"பண்ணியிருக்க மாட்டாரு" என்றாள் கடைசியில். "விளக்கு வெச்ச அப்பாலதான்."

அப்போது போன் அடித்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். எடுத்தேன். கரகரவென்று காற்றுச் சத்தம், தூரத்தில் இஞ்சின் சத்தம்.

"அலோ, மகேசு வூடா? நான் தாவீது பேசறேன், பஹ்ரைன்லேர்ந்து. அவன் கூட போட்ல வேல செய்றவன். யாரு, நிஷாவா?"

"தங்கச்சி."

"எங்கம்மா போயிருந்தீங்க எல்லாரும்? அவன் முக்கா மணி நேரமா அடிச்சிக்கினே இருந்தான். மணி போவுது, எடுக்க ஆளில்ல."

"அண்ணன் எங்க?"

"போட்டு கெளம்பிடுச்சி. நான் இந்த வாட்டி கரையில. கேளு, போன் கார்டு தீரப்போவுது. இன்னிக்கு மொதலாளி கூப்ட்டு, இந்த மாசமே ஊருக்குப் போறியா, இல்ல இன்னும் ரெண்டு வருசம் கையெழுத்துப் போடறியான்னு கேட்டாரு. போட்டு கெளம்பறதுக்குள்ள சொல்லணும்னாரு. அவன், நிஷா இன்னா சொல்லுதோ அதான்னு போன் பண்ணான். திரும்பத் திரும்பப் பண்ணான். எடுக்கவே இல்ல. கோவம் இன்னும் தீரல போல, நிஷா வேணும்னே எடுக்க மாட்டேங்குதுன்னு சொன்னான்." காற்று இரைந்தது. "ரெண்டு வருசத்துக்குப் போட்டுட்டான்மா. பேப்பரு மொதலாளி கையில கீது. நீங்க யாராச்சும்..."

அத்தோடு லைன் அறுந்தது.

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். "அவருதான?" என்று உதட்டசைவில் கேட்டாள். ரிசீவருக்காகக் கையை நீட்டினாள். பூ கலையாமல் இருந்தது.

மனசில் இருப்பதை அப்படியே போட்டு உடைப்பவள் என்றுதான் இந்த வீட்டிலும் தெருவிலும் எனக்குப் பேர்.

அவளைப் பார்த்து, இரு என்று கையைக் காட்டிவிட்டு, ரிசீவரைக் காதில் இன்னும் அழுத்திவைத்துக்கொண்டேன். "ம்" என்றேன். "ம், சொல்லுங்க" என்றேன். உள்ளே டயல் டோன் ஓடிக்கொண்டிருந்தது.